நாற்பத்தேழாம் வீட்டில் யார் பெயர்

சாங்வி, புனே
16 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை செல்வமேரி எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் சோனியாவும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணி, சூர்யா எல்லாரும் எப்படி இருக்கிறார்கள்? இங்கே மழை ஆரம்பித்துவிட்டது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். நம் வீடு ஒரே அறை. போனில் பேசினால் சோனியா காதில் விழும், வெளியே போய்ப் பேசினால் இந்தக் குடிசைப் பஸ்தி முழுக்கக் கேட்கும். அவள் மராட்டிப் பள்ளியில் படித்தவள், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அதனால் இதை அவள் கண்ணெதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். ஊர்க் கதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எழுதுவது அவளைப் பற்றித்தான்.

அவள் படிக்கிற பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி மையம் என்று ஒன்று திறந்திருக்கிறார்கள். பிள்ளைகள் பஸ்திகளுக்குப் போய் மக்களோடு வேலை செய்தால் அதற்கு மார்க் உண்டாம். பஸ் கொடுக்கிறார்கள், கழுத்தில் மாட்ட அட்டை கொடுக்கிறார்கள். எத்தனையோ பஸ்தி இருக்க, முதலில் நம் பஸ்திக்கே வந்திருக்கிறார்கள். சோனியாதான் கூட்டி வந்தாளாம். வீடு வீடாக ஏறி, எந்த வருஷம் வந்தீர்கள், ரேஷன் கார்டு யார் பேரில், ஓட்டர் லிஸ்ட்டில் பேர் இருக்கிறதா என்று எழுதிக்கொள்கிறார்கள். தாள் தாளாகக் கேள்விகள். படிக்கிற பிள்ளைகளுக்கு என் ரேஷன் கார்டு எதற்கு?

உங்களுக்கு நினைவிருக்கும். ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த பஸ்தியிலும் முதலில் இப்படித்தான் தாளோடு வந்தார்கள். பிறகு கதவில் நம்பர் எழுதினார்கள். பிறகு இடிக்கிற மெஷின் வந்தது. இப்போது ஆற்றங்கரை வேலைக்காக நம் வீடுகளையும் எடுப்பார்கள், பழைய ஆட்களுக்கு அடுக்குமாடியில் ஓர் அறை வீடு கிடைக்கும் என்று பேச்சு. பெயர்ப் பட்டியலை நம் பஸ்தித் தலைவர் ஜம்புதான் தயார் செய்கிறார். அந்தப் பல்கலைக்கழகமே ஆற்றோரம் கட்டடம் கட்டப் பார்க்கிறது, பிள்ளைகளை வேவு பார்க்க அனுப்புகிறது என்று அவர் சொல்கிறார். அப்படியென்றால் என் மகளே வேவுக்காரி. என்ன செய்வது என்று எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை
செல்வமேரி

ஆரணி
30 ஜூன் 2024

அன்புத் தங்கை மேரிக்கு,

அண்ணன் சேவியர் ஆசியுடன் எழுதுவது. கடிதம் கிடைத்தது. இங்கே யாருக்கும் குறைவில்லை. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மில்லில் மூட்டை எடை போடும் இடத்தில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. மகன் சூர்யா இன்னும் வேலை தேடுகிறான்.

நீ சந்தேகப்படுவது சரி. மார்க்குக்காக வருகிறவர்கள் மார்க் கிடைத்ததும் போய்விடுவார்கள், எழுதிக்கொண்டு போன தாள் யார் கையில் போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. நீ எதிலும் கையெழுத்துப் போடாதே. சோனியாவையும் அதிகம் விடாதே. வயது வந்த பெண், பஸ்ஸில் யாரோடு எங்கே போகிறாள் என்று நீ பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஜம்பு சொல்கிறபடி கேள். அவன் நமக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம்.

ஒன்று கேட்க வேண்டும். வீட்டுக்கு முனிசிபாலிட்டி கொடுத்த பழைய போட்டோபாஸ் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதா? 2010-ல் நான் ஊருக்குக் கிளம்பும்போது உனக்கு எழுதிக் கொடுத்த முத்திரைத்தாள்? இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

அன்புடன் அண்ணன்
சேவியர்

சாங்வி
28 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமே. உங்கள் எல்லாருடைய நலத்துக்கும் ஜெபிக்கிறேன். முழங்காலுக்கு நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகத் தடவச் சொல்லுங்கள் அண்ணியிடம்.

பதில் தாமதமானதற்குக் காரணம் ஆறு. அணையைத் திறந்துவிட்டார்கள், நம் சந்தின் பாதி வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று நாள் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். பொய் சொல்லக் கூடாது, அந்த மூன்று நாளும் பல்கலைக்கழகத்துப் பஸ்தான் எங்களை ஏற்றி இறக்கியது. ராகவேந்திரா என்று ஒரு சார், அவர்தான் அந்த மையத்துக்குப் பொறுப்பு. பெங்களூர்ப் பக்கத்தவர், தமிழ் பேசுகிறார். சேறு காய்வதற்குள் வீட்டுக்கே வந்து, என் கையால் டீ வாங்கிக் குடித்தார். இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர் என் வீட்டில் ஏன் இவ்வளவு பணிவாக உட்கார வேண்டும்? அதுவும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் கேட்ட இரண்டு காகிதமும் இருக்கின்றன. நாற்பத்தேழாம் நம்பர் போட்டோபாஸ் உங்கள் பெயரில்தான், கீழே குடும்பத்தார் என்று என் பெயரும் இப்போது நம்மோடு இல்லாத சோனியா அப்பா பெயரும். லைட் மீட்டரை என் பேருக்கு மாற்ற நீங்கள் எழுதித் தந்த முத்திரைத்தாள், வீட்டைத் தங்கைக்கு ஒப்படைத்துவிட்டேன், இனி எனக்கு அதில் உரிமை இல்லை என்பது, அதுவும் இருக்கிறது. இரண்டையும் பழைய மழைக்கோட்டுத் துணியில் உறை தைத்துப் போட்டு வைத்திருந்ததால் நனையவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வாகட் பக்கத்து வீடுகளில் சமையல் வேலையை முடித்துக்கொண்டு சீக்கிரம் வந்தேன். சோனியா பெட்டியைத் திறந்து வைத்து, உறையைப் பிரித்து, ஒவ்வொரு காகிதத்தையும் தரையில் பரப்பிப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கூட தேஜஸ்வினி என்று அவள் வகுப்புப் பெண். என்னைக் கேட்காமல் என் பெட்டியில் கை வைத்திருக்கிறாள், அதுவும் அந்நியப் பெண்ணை வைத்துக்கொண்டு. "மம்மி, தண்ணி திரும்ப வரும். காப்பி வச்சுக்கணும். எல்லா வீட்லயும் எடுக்கறோம்" என்றாள். கேட்டால் நீ தர மாட்டாய் என்றும் சொன்னாள். அடித்துவிட்டேன் அண்ணா. இருபது வயதுப் பெண்ணை, சிநேகிதி முன்னால், கன்னத்தில். அவள் அழவில்லை. காகிதங்களை இருந்தபடியே அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கை இன்னும் எரிகிற மாதிரி இருக்கிறது.

உங்கள் தங்கை
செல்வமேரி

ஆரணி
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை மேரிக்கு,

நலம். கடிதம் பார்த்த அன்றே எழுதுகிறேன்.

அடித்ததற்கு வருத்தப்படாதே. இந்த வயதில் அடிக்காவிட்டால் பின்னால் வருத்தப்பட வேண்டும். ஆனால் பெட்டி வீட்டில் இருக்கும் வரைக்கும் இந்தத் தொல்லை இருக்கும். ஆறு மறுபடி ஏறினால் என்ன செய்வாய்? அந்தப் பிள்ளைகள் மறுபடி வந்தால்?

உறையோடு அப்படியே எனக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிடு. இங்கே இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி வைக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். போட்டோபாஸ் மட்டும் போதாது, முத்திரைத்தாளையும் மறக்காமல் வை. சோனியாவிடம் சொல்லாதே. படம் எடுத்தாளே, அதை என்ன செய்தாள், யாரிடம் கொடுத்தாள் என்று மட்டும் விசாரித்து எழுது.

அன்புடன் அண்ணன்
சேவியர்

சாங்வி
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். மாதா திருநாளுக்கு உங்கள் எல்லார் பெயரையும் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

உறை உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது என்று அண்ணி போனில் சொன்னார்கள். மனசு லேசானது. படங்களைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொரு வீட்டுக் காகிதமும் அந்த வீட்டுப் பெயர் போட்டு மையத்தில் தனித்தனியாக இருக்கிறதாம். வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாதாம். நான் கையெழுத்துப் போடவில்லை, அதனால் நம்முடையது அப்படியே கிடக்கிறது என்றாள்.

அவர்கள் கோயில் மரத்தடியில் ஞாயிறு தோறும் மேஜை போடுகிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஓட்டர் பாரம் நிரப்பித் தருகிறார்கள். அடுத்த வீட்டு வைஜயந்தி அக்காவின் பெயர் லிஸ்ட்டிலிருந்து விழுந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எத்தனை தடவை அலைந்தும் வராதது இப்போது வந்துவிட்டது. அக்கா அந்தப் பிள்ளைகளுக்கு அவலில் போஹா செய்து கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஜம்புவுக்கு அது பிடிக்கவில்லை. வார்டு ஆபீஸுக்குத் தன் வழியாக அல்லாமல் யாரும் தனியாகப் போகக் கூடாது என்கிறார்.

நான் எழுத வந்தது வேறு. போன வாரம் சோனியா பெட்டியைக் காட்டி, உறை எங்கே என்று கேட்டாள். தெரியாது என்றேன். என் முகத்தையே பார்த்தாள். "மாமா கிட்டயா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. போனை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போய் நின்று மெதுவாகப் பேசுகிறாள், நான் பக்கத்தில் போனால் வைத்துவிடுகிறாள். யாரோ பையன் இருக்கிறான் என்று தோன்றுகிறது. உங்களிடம் அவளுக்குப் பயம் உண்டு. நீங்கள் ஒரு தடவை பேசிப் பாருங்கள்.

உங்கள் தங்கை
செல்வமேரி

சாங்வி
20 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களுக்கு ஒன்றும் குறையில்லை.

ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தால் அண்ணி எடுத்து, மில்லுக்குப் போயிருக்கிறார், சர்ச்சுக்குப் போயிருக்கிறார், இப்போதுதான் படுத்தார் என்கிறார்கள். உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? மறைக்காமல் எழுதுங்கள்.

பட்டியல் வந்துவிட்டது. கோயில் சுவரில் ஒட்டியதை மறுநாள் காணோம், மழையில் கிழிந்துவிட்டதாம். ஆனால் அந்த வாரம் மழையே இல்லை. ஜம்பு என்னிடம் வந்து, "நாப்பத்தேழு லிஸ்ட்ல கீது மேரிக்கா, நீ போய்ப் பாக்கவே வேணாம்" என்றார். நாற்பத்தேழு இருக்கிறது என்றாரே தவிர, நீ இருக்கிறாய் என்று சொல்லவில்லை. பட்டியலில் ஆட்சேபம் இருப்பவர்களுக்கு டிசம்பர் பன்னிரண்டாம் தேதி வார்டு ஆபீஸில் விசாரணை. இங்கே சுனாவணி என்பார்கள்.

இன்னொன்று. நேற்று சோனியா குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. அந்தப் பையன்தான் என்று எடுக்கப் போனேன். திரையில் மாமா என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த அளவு எனக்குப் படிக்க வரும். நான் எடுத்ததும் மறுபக்கம் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார்கள்.

அண்ணா, நான் கூப்பிட்டால் எடுக்க நேரமில்லை. அவளோடு என்ன பேச்சு? நான்தான் பேசச் சொன்னேன், சரி. பேசினால் எனக்குச் சொல்ல வேண்டாமா? அவளைக் கேட்டேன். "நீ மாமாவையே கேளு மம்மி" என்றாள். கேட்கிறேன்.

உங்கள் தங்கை
செல்வமேரி

ஆரணி
17 நவம்பர் 2024

தங்கை மேரிக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

சோனியா மேற்படிப்பு பற்றி ஏதோ கேட்டாள். வேறு ஒன்றுமில்லை. நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி உன் அண்ணி பவுனின் தம்பி வீட்டில் புதுமனை புகுவிழா. நீ கட்டாயம் வர வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நீ ஆரணிக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. பத்தாம் தேதி ரயிலுக்குச் சூர்யா டிக்கெட் எடுத்துவிட்டான், தாளை இதோடு வைத்திருக்கிறேன். விசாரணைக்கு நீ போக வேண்டிய அவசியம் இல்லை. ஜம்பு பார்த்துக்கொள்வான்.

சேவியர்

சாங்வி
22 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் சோனியாவும் நலம். அங்கே எல்லாரும் நலமா?

பத்தாம் தேதி நான் ரயில் ஏறவில்லை. ஏன் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நானே சொல்கிறேன்.

பையில் சேலையெல்லாம் அடுக்கிவிட்டேன். சோனியா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று அவள் சொல்லவில்லை. "புதுமனை என்னிக்கு மம்மி?" என்று மட்டும் கேட்டாள். பன்னிரண்டு என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அண்ணி போன மாதம் பேசும்போது, தம்பி வீட்டுக்கு இன்னும் மேல்தளம் போடவில்லை என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பையை அப்படியே வைத்துவிட்டேன். என்னடி தெரியும் உனக்கு, சொல்லு என்றேன். "ரெண்டு நாள் வெயிட் பண்ணு. மாமா வாபஸ் வாங்கறேன்னு சொல்லியிருக்கார். வாங்கிட்டா நீ தெரிஞ்சுக்கவே வேணாம்" என்றாள். எதை வாபஸ் வாங்குவது என்று கேட்டேன். தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பன்னிரண்டாம் தேதி பல்கலைக்கழகம் பஸ் அனுப்பியது. ஆனால் பிள்ளைகள் விசாரணையில் வாய் திறக்கக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். பேசுவது மக்களின் வேலை, காகிதத்தை ஒழுங்காக வைத்துக் கொடுப்பது மட்டும்தான் பிள்ளைகளின் வேலை என்றார் ராகவேந்திரா சார். சமயத்தில் கைவிட்டுவிடுகிறார்கள் பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஏறியபோதும் எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை.

நாற்பத்தேழு என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். ஜம்புவும் எழுந்தார். அதிகாரி ஒரு அம்மா. பட்டியலைப் பார்த்து, நாற்பத்தேழில் குடியிருப்பவர் சேவியர், நீங்கள் யார் என்று மராட்டியில் கேட்டார். சேவியர் உடம்பு சரியில்லாமல் வர முடியவில்லை, அவர் சார்பில் நான் வந்திருக்கிறேன் என்று ஜம்பு சொன்னார். இன்றைக்கும் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறேன், தங்கை விருந்தாளியாக வந்து தங்கியிருக்கிறாள் என்று நீங்கள் சத்தியம் செய்து கையெழுத்திட்ட காகிதத்தை மேஜையில் வைத்தார். அதோடு பழைய போட்டோபாஸையும் வைத்தார்.

காகிதத்தை நான் பார்க்கவில்லை அண்ணா. உறையைத்தான் பார்த்தேன். மழைக்கோட்டு நீலத் துணி. நான் போட்ட தையல். அது எந்தத் தபாலில் யார் பெயருக்குப் போனது என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மா இரண்டு தடவை கேட்டார், இந்தச் சேவியர் உங்களுக்கு யார் என்று. பின்னால் இருந்த சோனியா எழுந்து வந்து, ஒரு பைல் அட்டையை அதிகாரி முன்னால் வைக்காமல் என் கையில் கொடுத்தாள். உள்ளே ஜூலையில் அவள் எடுத்த படம், பெரிய தாளில். நீங்கள் எழுதித் தந்த முத்திரைத்தாள். எடுத்த தேதி, பல்கலைக்கழகத்தின் முத்திரை எல்லாம் கீழே. வீட்டுக்காரர் கையெழுத்து என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. "நீயா குடுத்தா குடு. இல்லன்னா மடிச்சு வச்சிரு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள் மெதுவாக.

அவளிடமே பேனாவை வாங்கினேன். கையெழுத்துப் போட்டேன். கொடுத்தேன். எங்க அண்ணன், பதினாலு வருஷமா ஆரணியில இருக்காரு, இங்க இல்ல என்று சொன்னேன். தமிழில்தான் வந்தது. ராகவேந்திரா சார் எழுந்து மராட்டியில் சொன்னார். அவரும் பேசக் கூடாது என்றுதான் உத்தரவு.

பொய்ச் சத்தியம் செய்ததற்குப் போலீஸில் புகார் கொடுக்கிறீர்களா என்று அந்த அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். என் பெயரை எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பிறகு வைஜயந்தி அக்கா எழுந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக. இப்படி ஊரில் இல்லாதவர்கள் பெயர் பதினொரு வீட்டில் இருந்ததாம்.

சோனியாவுக்குச் செப்டம்பரிலேயே தெரியும். ஒட்டுவதற்கு முன்பே பட்டியலின் வரைவை மையத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது அவள் கையில்தான் நாற்பத்தேழு வந்திருக்கிறது. அம்மாவுக்கு அண்ணன் ஒருவர்தான் இருக்கிறார் என்று என்னிடம் சொல்லாமல் உங்களையே கூப்பிட்டிருக்கிறாள். தீபாவளிக்குள் எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்கிவிடுகிறேன் என்றீர்களாம். பிறகு விசாரணை நாளுக்குள் என்றீர்களாம். அவள் ஆற்றோரம் நின்று கெஞ்சியது உங்களிடம். நான் ஒரு பையனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

செல்வமேரி

ஆரணி
19 ஜனவரி 2025

மேரிக்கு,

நலம். நீயும் சோனியாவும் நலமா?

நடந்ததற்கு நான் மட்டும் காரணம் இல்லை. போன ஏப்ரலில் ஜம்பு வேளாங்கண்ணி போகிற வழியில் இங்கே வந்தான். பாஸ் என் பெயரில் இருப்பதால் வீடு என் பெயரில்தான் வரும், உன் பெயருக்கு என்று கேட்டால் வராமலே போய்விடும் என்றான். நான் படிக்காதவன், நம்பினேன்.

ஆனால் நீயும் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த இடத்தில் புதரை வெட்டித் தகரம் போட்டவன் நான். உன்னையும் உன் புருஷனையும் புனேவுக்குக் கூட்டி வந்தவன் நான். அப்பா படுத்ததால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன், இல்லாவிட்டால் நானும் அங்கேதான் இருந்திருப்பேன். வீடு என் பேரில் வந்தாலும் உன்னை வெளியே அனுப்பியிருப்பேனா? நீ இருக்கும் வரை நீதான் இருந்திருப்பாய். சோனியா நாளைக்குக் கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். சூர்யா என்ன செய்வான்?

நூறு பேர் முன்னால் உன் அண்ணன் பொய்யன் என்று காகிதம் கொடுத்துவிட்டாய். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம். பவுன் ஒரு மாதமாக என்னோடு பேசுவதில்லை. அது உனக்கு எழுத வேண்டிய விஷயம் இல்லை.

சேவியர்

சாங்வி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். குளிர் குறைந்துவிட்டது. முழங்காலுக்கு இது நல்ல காலம்.

திருத்திய பட்டியல் போன வாரம் வந்தது. நாற்பத்தேழில் என் பெயர், அடுத்த வரியில் சோனியா. வீடு எப்போது கட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பத்து வருஷம் ஆகலாம் என்கிறார்கள். பட்டியல் நகலை அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி மையத்துப் பிள்ளைகள் தந்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் இந்த வேலைக்கு மார்க் உண்டா என்பதே சந்தேகமாம். ராகவேந்திரா சாருக்கு விசாரணை அன்று பேசியதற்காக மெமோ கொடுத்திருக்கிறார்கள். அவர் வந்தால் அதைப் பற்றிப் பேசுவதில்லை, டீயில் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்கிறார். அவரை நான் எப்படியெல்லாம் நினைத்தேன்.

சோனியாவிடம் ஜூலையில் அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். வலிக்கவில்லை என்று பொய் சொன்னாள்.

நீங்கள் எழுதியதில் தகரம் போட்டது உண்மை. எங்களைக் கூட்டி வந்தது உண்மை. அந்த வீட்டில் ஒரு பங்கு சூர்யாவுக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தால், நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. சரி என்றும் சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை. உறையோடு அனுப்பச் சொன்னீர்கள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். ஏப்ரலில் ஜம்பு நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது என் நினைவு வந்ததா? அவ்வளவுதான். ஜம்பு அவசரப்படுத்தினான், எதுவும் தோன்றவில்லை என்று எழுதினால் நான் நம்பிக்கொள்கிறேன். நம்புவதில் எனக்குச் சங்கடம் இல்லை. அதற்குப் பிறகு இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஈஸ்டருக்கு நீங்கள் எல்லாரும் வரலாம்.

செல்வமேரி

ஆரணி
30 மார்ச் 2025

மேரிக்கு,

நலம். அண்ணியும் சூர்யாவும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள்.

முத்திரைத்தாளின் அசலை இதோடு வைத்திருக்கிறேன். ஜம்புவிடம் இதை மட்டும் நான் தரவில்லை. கிழித்துவிடச் சொன்னான்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். நீ எழுதச் சொன்னபடி எழுதுவது எளிது.

ஜம்பு அவசரப்படுத்தவில்லை. காகிதத்தை வைத்துவிட்டு, கடைக்குப் போய் வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான். நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

உன் நினைவு வந்தது. வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

சேவியர்